மதுசாரமும் ஈயமும்: பெற்றோலிற் கலந்த இரு பொருள்களின் வரலாறு

மோட்டார் வண்டிக்கு மதுசாரம் கலந்த பெற்றோலை நிரப்புவதா, கலவாத பெற்றோலை நிரப்புவதா என்னும் கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்திருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே படகு வைத்திருப்போரும், பழைய மோட்டார்களைப் பேணி வைத்திருப்போரும் மதுசாரம் கலவாத பெற்றோல் எங்கே விற்கப்படுகின்றது என்று தேடிச் செல்கின்றனர். அயல்நாடாகிய இந்தியாவிலோ, தேடினாலும் அது கிடைப்பதில்லை என்று வண்டி உடையோர் முறையிடுகின்றனர். கேட்போருக்கு இஃது ஏதோ நேற்று முளைத்த சிக்கல்போலத் தோன்றும். உண்மையில் இதன் வயது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகும்.

நேயர்களே, மதுசாரம் கலவாத பெற்றோல் என்று சொன்னவுடன் தூய பொருளொன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றது. பாலிலே தண்ணீரைக் கலப்பதுபோல யாரோ பெற்றோலிலே மதுசாரத்தைக் கலந்துவிடுகிறார்கள் என்றும், கலவாமல் விட்டால் நமக்கு அசல் பொருள் கிடைத்துவிடும் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு இதற்கு மாறாகச் சொல்கின்றது. கடந்த நூற்றாண்டிலே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம், மதுசாரம் கலவாத பெற்றோலிற் பெரும்பகுதி தூய பெற்றோலாக இருக்கவில்லை. மதுசாரம் செய்திருக்கக்கூடிய வேலையை அதிலே வேறொரு பொருள் செய்துகொண்டிருந்தது. அப்பொருள் ஈயம். அந்த இடத்துக்கு ஈயம் எவ்வாறு வந்தது, யார் அதைக் கொண்டுவந்தார், அதை விலக்க ஏன் அத்தனை காலம் சென்றது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை.

முதலில் மதுசாரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தானியத்தையோ, கிழங்கையோ, கரும்புப் பாகையோ புளிக்கவைத்து வடித்தால் வருவது அது. மனிதன் அதைக் குடிப்பதற்கு மட்டும் பயன்படுத்தினான் என்று நினைப்பது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வீடுகள் பலவற்றிலே விளக்கெரித்தது மதுசாரமும் தேர்ப்பந்தைலமும் சேர்ந்த ஒரு கலவையே. அந்நாட்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1862ஆம் ஆண்டிலே, போர்ச் செலவுக்காக வடித்த மதுசாரத்தின்மீது வரி விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அவ்வரி கலனுக்கு 2 டொலர்வரை ஏறியது. குடிப்பதற்கான மதுவுக்கும் விளக்கெரிக்கும் மதுவுக்கும் வரிக்காரர் வேற்றுமை பார்க்கவில்லை. விளக்கு மண்ணெண்ணெய்க்கு மாறியது. மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அமெரிக்காவிலே மதுசாரம் எரிபொருட் சந்தைக்குள் நுழைய முடியாமல் நின்றதற்குக் காரணம் இந்த வரியேயன்றி அதன் இயல்பன்று.

ஐரோப்பாவிலே நிலைமை வேறு. பிரான்சிலும் ஜேர்மனியிலும் எண்ணெய் வளம் மிகக் குறைவு. பீற்றுக் கிழங்கும் உருளைக்கிழங்கும் மலிந்து கிடந்தன. 1902ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் மதுசாரத்தால் இயங்கும் வண்டிகளுக்கும் விளக்குகளுக்கும் அடுப்புகளுக்குமென ஒரு கண்காட்சியே நடந்தது. இச்செய்திகளைக் கேட்ட அமெரிக்க விவசாயிகள் தங்களுக்கும் வழி திறக்குமாறு வேண்டினர். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ற் 1906ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். குடிக்கவொண்ணாதபடி நஞ்சூட்டிய மதுசாரத்துக்கு இனி வரியில்லை என்பது அதன் சாரம். 1907 சனவரி முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் ரெக்சாசு மாநிலத்தில் எண்ணெய் பீறிட்டுப் பாய்ந்து, பெற்றோல் மிக மலிந்துவிட்டது.

இனி, கதையின் நடுவிடத்துக்கு வருவோம்.

மோட்டார் இயந்திரத்திலே பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டரினுள் அமுக்கப்படுகின்றது. பின்பு ஒரு தீப்பொறி அதைப் பற்றவைக்கின்றது. தீ ஓரிடத்திலிருந்து புறப்பட்டு ஒழுங்காகப் பரவினால் பிஸ்டன் சீராகத் தள்ளப்படும். எவ்வளவுக்கு இறுக்கி அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதே அளவு எரிபொருளிலிருந்து கூடுதலான வேலையைப் பெறலாம். ஆனால் அளவு மீறி அமுக்கினால், தீ சென்று சேர்வதற்கு முன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடும். அப்போது இயந்திரத்தினுள்ளே சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓசை கேட்கும். இதனையே இயந்திரம் திருத்துவோர் ‘நொக்’ அடிக்கிறது என்பர். ஏற்றத்திலே வண்டி திணறும்போது இவ்வோசையைக் கேட்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். இன்று நமது நாட்டு எரிபொருள் நிலையங்களில் 92 என்றும் 95 என்றும் எழுதியிருக்கும் எண்கள், இந்த வெடிப்பைப் பெற்றோல் எவ்வளவுக்குத் தாங்கும் என்பதைக் குறிப்பனவேயாம்.

ஓகாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவராய் இருந்தவர் சார்ல்ஸ் கெற்றரிங். கையாற் சுழற்றாமலே வண்டியைத் தொடக்கும் மின்கருவியை ஆக்கிப் பெரும்புகழ் பெற்றவர் அவர். அவருக்குக் கீழே தோமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியியலாளர் வேலை செய்தார். நொக் அடிப்பதை நிறுத்தும் மருந்தைக் கண்டுபிடிப்பது மிட்ஜ்லிக்கு இட்ட பணி. கையில் அகப்பட்ட பொருளையெல்லாம் அவர் பெற்றோலிற் கலந்து பார்த்தார். அயோடின் பயன் தந்தது. ஆனால் விலை அதிகம், இயந்திரத்தையும் அரித்தது. அனிலீன் பயன் தந்தது. நாற்றம் பொறுக்க முடியவில்லை. தெலூரியம் அதனினும் மோசம். அதன் உள்ளிப்பூண்டு நாற்றம் உடுப்பிலும் உடலிலும் ஒட்டிக்கொண்டு குளித்தாலும் போகாதாம்.

இவற்றுக்கிடையே மதுசாரம் நொக் அடிப்பதை நிறுத்தும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதை நேயர்கள் கவனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் இது மறந்ததுபோலப் பேசப்பட்டது. 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மிட்ஜ்லி 30 சதவீதம் மதுசாரம் கலந்த எரிபொருளை நிரப்பிய, அமுக்கம் மிகுந்த இயந்திரமுடைய வண்டியொன்றை டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் நகருக்கு ஓட்டிச் சென்று, அங்கே கூடியிருந்த மோட்டார்ப் பொறியியலாளர்களுக்கு அதன் சிறப்பை எடுத்துரைத்தார். இரண்டு மாதங் கழித்து, அதே ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள், ஈயத்தையும் எதயில் என்னும் சேர்மத்தொகுதியையும் இணைத்துச் செய்த ஒரு திரவத்தை அவரது குழுவினர் இயந்திரத்திலே சோதித்தனர். நொக் ஓசை அறவே நின்றுவிட்டது. அத்திரவம் பெற்றோலின் 1,300 பங்குக்கு ஒரு பங்கு அளவிற் போதுமாயிருந்தது.

ஏன் ஈயம் வென்றது? இக்கேள்விக்கு ஒரே மறுமொழி சொல்வது நேர்மையாகாது. மதுசாரத்தைப் பத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று பேரளவிற் கலக்கவேண்டும். அமெரிக்கா முழுவதற்கும் அவ்வளவு மதுசாரத்தை வடிக்கத் தானியம் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் மலைத்தார்கள். அன்றியும் அப்போது அந்நாட்டிலே மதுவிலக்குச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. 1920 முதல் 1933 வரை மது வடிப்போர் எல்லாரையும் ஐயக்கண்ணோடு பார்த்த காலம் அது. தண்ணீர் பட்டால் மதுசாரம் பெற்றோலைவிட்டுப் பிரிந்துவிடும் என்ற தொல்லையும் உண்டு. இவையெல்லாம் உண்மையான தடைகளே.

ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. மதுசாரத்தை எந்த விவசாயியும் வடிக்கலாம். அதற்கு யாரும் காப்புரிமை பெறமுடியாது. ஈயத் திரவத்துக்கோ காப்புரிமை பெறலாம். உலகில் விற்கப்படும் ஒவ்வொரு கலன் பெற்றோலிலும் ஒரு சிறு கூலியை அதன் உரிமையாளர் பெற்றுக்கொண்டே இருக்கலாம். 1924ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஜெனரல் மோட்டர்சும் நியூ ஜேர்சி ஸ்ராண்டர்ட் ஓயில் நிறுவனமும் பாதிக்குப் பாதி பங்காக ‘எதில் பெற்றோல் நிறுவனம்’ என்று ஒன்றைத் தோற்றுவித்தது இதற்காகவே. இந்தக் காரணம் மற்றவற்றைவிடக் கனமானது என்பது என் கருத்து.

பெயரையும் பாருங்கள். எதில் என்பது அக்காலத்திலே பெண்பிள்ளைகளுக்கு இடும் இனிய பெயர்களுள் ஒன்று. அதிலே ஈயம் என்ற சொல்லே இல்லை. ஈயம் நஞ்சு என்பதை உரோமர் காலந்தொட்டு உலகம் அறிந்திருந்தது. 1923ஆம் ஆண்டு பெப்ரவரியில் டேட்டன் நகரிலே முதன்முதலாக இந்தப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இண்டியானாபொலிசின் 500 மைல் ஓட்டப்பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற வண்டிகளும் இதையே குடித்து ஓடின. அதன்பின் விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? மற்றப் பெற்றோலிலிருந்து வேறுபடுத்துவதற்காக அதற்குச் சிவப்புச் சாயம் ஊட்டினர். மிட்ஜ்லியோ அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஈய நஞ்சேறி உடல் நலிந்து, புளோரிடாவுக்குச் சென்று ஓய்வெடுக்க நேர்ந்தது.

1924ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், நியூ ஜேர்சி மாநிலத்து பேவே என்னுமிடத்தில், ஈயத் திரவத்தை ஆக்கும் சாலையொன்றிலே வேலைசெய்தோர் ஒருவர்பின் ஒருவராக மதிமயங்கினர். இல்லாத உருவங்களைக் கண்டு அலறினர். கட்டிவைத்தே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டியிருந்தது. சில நாள்களுக்குள் ஐவர் இறந்தனர். மேலும் 30 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இதே திரவத்தை ஆக்கிய வேறொரு சாலையைத் தொழிலாளர் ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ என்று அழைத்தனராம். வேலையாள் வேலையை நிறுத்திவிட்டு, தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருப்பானாதலின் அப்பெயர். செய்தித்தாள்கள் அப்பெற்றோலைப் ‘பைத்தியப் பெற்றோல்’ என்று எழுதத் தொடங்கின. அப்போது மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அவர்கள் கண்முன்னே ஈயத் திரவத்திற் கைகளைக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிடநேரம் அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். இதனால் எனக்கு ஒரு தீங்கும் இல்லை என்பதே அவர் சொல்ல வந்தது. முந்திய ஆண்டு அவர் புளோரிடாவில் ஓய்வெடுத்ததன் காரணத்தை அவரே நன்கறிவார்.

சில நகரங்களும் மாநிலங்களும் விற்பனையைத் தடைசெய்தன. 1925 மே மாதத்தில் நிறுவனம் தானாகவே விற்பனையை நிறுத்தியது. கூட்டரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஹியூ கமிங், அம்மாதம் 20ஆம் நாள் வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். யேல் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் யாண்டெல் ஹெண்டர்சனும், தொழில்நோய் மருத்துவத்தில் அமெரிக்காவிலேயே முதன்மை பெற்றிருந்த அலிஸ் ஹமில்ற்றன் அம்மையாரும் எச்சரித்தனர். இறந்த தொழிலாளரைப் பற்றி மட்டும் அவர்கள் கவலைப்படவில்லை. ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலிருந்தும் ஈயம் சிறிதுசிறிதாக வெளிவந்து நகரத் தெருக்களிலே படியும். அதைச் சுவாசிப்பவர்களுக்கு நாளாவட்டத்தில் என்ன ஆகும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. எதில் நிறுவனத்தின் சார்பிற் பேசிய பிராங்க் ஹவார்ட், ஈயத் திரவத்தைக் கடவுள் தந்த கொடையாகவே வருணித்தார். அதற்கு ஈடான மாற்றுப்பொருள் இல்லை என்று நிறுவனத்தார் சாதித்தனர். இண்டியானாபொலிசுக்கு மதுசார வண்டி ஓடி நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அதே 1925இன் செப்டெம்பரில், வருங்காலத்து எரிபொருள் பழங்களிலிருந்தும் களைகளிலிருந்தும் மரத்தூளிலிருந்தும் வரும் என்று ஹென்றி போர்ட் செய்தித்தாளொன்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாநாட்டின் பின் ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. ஏழே மாதத்துள் அக்குழு ஓகாயோவில் வண்டி ஓட்டுவோரும் திருத்துவோருமாக ஏறக்குறைய 250 பேரைச் சோதித்து, விற்பனையைத் தடைசெய்யத் தக்க காரணம் இப்போதைக்குத் தெரியவில்லை என்று 1926 சனவரியில் அறிக்கை தந்தது. வண்டிகள் பெருகப்பெருக நீண்டகாலத் தீங்கு தோன்றக்கூடும், ஆதலால் ஆராய்ச்சி தொடரவேண்டும் என்றும் அவ்வறிக்கையிலே எழுதியிருந்தார்கள். முதற்பகுதியைப் பற்றிக்கொண்டு விற்பனை மீண்டும் தொடங்கியது. இரண்டாம் பகுதியை அரசு மறந்தது. அடுத்த நாற்பது ஆண்டு ஈயத்தைப் பற்றி நடந்த ஆராய்ச்சியிற் பெரும்பகுதி ஈயத்தை விற்றவர்களின் பணத்திலேயே நடந்தது.

பின் வந்தது பொருளாதார மந்தம். 1932ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலே சோளத்தின் விலை எவ்வளவு வீழ்ந்ததென்றால், நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை அடுப்பிலிட்டு எரிப்பது மலிவு என்று விவசாயிகள் எரித்தனர். எரிப்பதாயின் மோட்டாரிலேயே எரிக்கலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது வியப்பன்று. 1933ஆம் ஆண்டிலே நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் ‘சோள மதுசாரப் பெற்றோல்’ என்று பெரிய எழுத்திற் பலகை வைத்து விற்ற நிலையமொன்றின் நிழற்படம் இன்றும் இருக்கின்றது. அயோவா மாநிலக் கல்லூரியின் வேதியியல் அறிஞர் லியோ கிறிஸ்டென்சன் இம்முயற்சிக்கு உயிர்நாடியாய் இருந்தார். 1936ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்து அச்சிசன் நகரில் ஒரு வடிசாலை திறக்கப்பட்டது. அதன் மதுசாரம் ‘அக்ரோல்’ என்ற பெயரில், மென்மையும் வன்மையுமாக அக்ரோல் 5, அக்ரோல் 10 என்னும் இரு வகைகளிலே விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 2,000 நிலையங்கள் அதை விற்றன. அங்கெல்லாம் வண்டியை நிறுத்தியவனுக்கு அன்று ஈயப் பெற்றோலா, மதுசாரப் பெற்றோலா என்று தானே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்மையாகவே கிடைத்தது.

அவ்வாய்ப்பு இரண்டே ஆண்டு நிலைத்தது. 1938இல் அச்சிசன் வடிசாலை மூடப்பட்டது. சுத்திகரிப்பு ஆலையின் வாசலிலே பெற்றோல் விற்ற விலையைப்போலப் பன்மடங்கு, மதுசாரம் வடிப்பதற்கான செலவு; இதை மறைக்கவேண்டியதில்லை. எண்ணெய் நிறுவனங்களின் சங்கமும் மதுசாரம் இயந்திரத்தைக் கெடுக்கும், தண்ணீரோடு பிரியும், சாராயக் கள்ளக்கடத்தலுக்கு வழி திறக்கும் என்றெல்லாம் ஊரூராகப் பரப்பியது. மறுபுறத்திலே, 1936ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்ற பெற்றோலில் நூற்றுக்குத் தொண்ணூறு ஈயம் கலந்ததாய் ஆகிவிட்டது. ஈயப் பெற்றோலின் நன்மையைக் குறைத்துப் பேசி விளம்பரம் செய்யக்கூடாது என்று அவ்வாண்டிலே போட்டி நிறுவனமொன்றுக்குக் கூட்டரசின் வணிக ஆணையம் கட்டளையிட்டது. எதில் நிறுவனம் தன் காப்புரிமையைப் பிடியாகக் கொண்டு, விலையைக் குறைத்து விற்ற மொத்த வணிகர்களுக்கு உரிமம் தர மறுத்துவந்தது. 1940ஆம் ஆண்டு மார்ச்சிலே உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான அந்நாட்டு நீதிமன்றம் இச்செயல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அக்ரோலின் கதை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சிலே 1923ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெற்றோலை இறக்குமதி செய்வோர் அதில் பத்திலொரு பங்களவு மதுசாரத்தை அரசிடம் வாங்கியே ஆகவேண்டும் என்றது. பிரேசில் 1931 பெப்ரவரியிலே இறக்குமதிப் பெற்றோலுக்கு 5 சதவீத மதுசாரத்தைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் மட்டும் சட்டமில்லாமலே ‘கிளீவ்லண்ட் டிஸ்கோல்’ என்ற மதுசாரக் கலவை 1928 முதல் 1968 வரை நாற்பது ஆண்டுக்காலம் வழியோர நிலையங்களிலே விற்பனையாயிற்று. மதுசாரம் ஊற்றினால் இயந்திரம் கெட்டுவிடும் என்று அமெரிக்காவில் அஞ்சியிருந்த காலத்தில், ஆங்கிலேயர் அதையே சிறந்த பெற்றோல் என்று நம்பிக் கேட்டு வாங்கினர்.

ஈயத்தின் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியவர் மருத்துவரல்லர். பூமியின் வயதை அளந்து 1956ஆம் ஆண்டிலே 455 கோடி ஆண்டு என்று நிறுவிய புவிவேதியியலாளர் கிளேர் பற்றர்சன் அவர். கற்களிலே உள்ள மிகச்சிறிய ஈயத்தை அளக்க முயன்றபோதெல்லாம், ஆய்வுச்சாலைக் காற்றிலும் தூசியிலும் தம் உடலிலும் இருந்த ஈயம் குறுக்கே வந்து கணக்கைக் குழப்புவதை அவர் கண்டார். இந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடினார். தொழிற்காலத்துக்கு முந்திய மனிதனிலும் பார்க்க நாம் பன்மடங்கு ஈயத்தை உடலிற் சுமக்கிறோம் என்று 1965இல் எழுதினார். 1979ஆம் ஆண்டிலே ஹெர்பெட் நீடில்மன் என்னும் குழந்தை மருத்துவர், பொஸ்ரன் நகரையடுத்த பள்ளிகளிற் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து ஆராய்ந்தார். பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகள் அறிவுத் தேர்விலும் கவனத்திலும் பின்தங்கியிருக்கக் கண்டார். யாண்டெல் ஹெண்டர்சன் வாஷிங்டனிலே கேட்ட கேள்விக்கு மறுமொழி வர ஐம்பத்து நான்கு ஆண்டு சென்றது.

எனினும், ஈயத்தை முதலில் வெளியேற்றியது பிள்ளைகளின் பற்கள் அல்ல. புகையைத் தூய்மையாக்குவதற்காக 1975ஆம் ஆண்டு வண்டிகளிற் பொருத்தப்பட்ட கருவி, ஈயம் பட்டாற் பழுதாகிவிடும். அந்த விலையுயர்ந்த கருவியைக் காப்பாற்றவே ஈயமில்லாத பெற்றோல் எங்கும் வைக்கப்பட்டது. பயன் எதிர்பாராத இடத்திலே தெரிந்தது. 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்க மக்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தின் சராசரி, 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 15 மைக்கிரோகிராமிலிருந்து 9க்கு இறங்கியது. அந்நாட்டில் 1996ஆம் ஆண்டு சனவரியிலிருந்து சாலை வண்டிகளுக்கு ஈயப் பெற்றோல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. நமது இலங்கையில் 2002ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது ஒழிந்தது. உலகிலே கடைசியாக அல்ஜீரியா 2021 யூலையிலே அதை நிறுத்தியது.

ஈயம் போனதும் பழைய சிக்கல் திரும்ப வந்தது. நொக் அடிப்பதைத் தடுக்க வேறு ஏதாவது வேண்டுமல்லவா? எண்ணெய் நிறுவனங்கள் முதலில் எம்.ரி.பி.ஈ. என்னும் செயற்கைப் பொருளை நாடின. அது நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்து குடிநீரிலே கலந்தது. 1996ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் சான்ரா மொனிக்கா நகரம் தன் கிணறுகளில் அதைக் கண்டு, பலவற்றை மூடவேண்டியதாயிற்று. எஞ்சியிருந்தது மதுசாரம். 1978 முதல் வரிச்சலுகையும், 2005 முதல் கட்டாயச் சட்டமும் அதற்குத் துணைநின்றன. இன்று அமெரிக்காவில் விற்கும் பெற்றோல் பெரும்பாலும் 10 சதவீதம் மதுசாரம் கலந்தது.

மதுசாரம் குற்றமற்ற பொருள் என்று சொல்வதற்கு நான் வரவில்லை. உணவுக்கு விளைந்த நிலத்தையும் நீரையும் அது உண்கிறது. பிரேசில் 1975இல் பெருந்திட்டமிட்டு, 1979இலிருந்து மதுசாரத்தால் மட்டுமே ஓடும் வண்டிகளை ஆக்கியது. 1989ஆம் ஆண்டளவிற் கரும்பாலைகள் அதிக இலாபம் கண்டு சர்க்கரையின் பக்கம் திரும்பியபோது, அவ்வண்டிக்காரர்கள் வெற்றுத் தொட்டியோடு வரிசையிலே நின்றனர். இரண்டையும் எந்த அளவிலும் ஏற்கும் வண்டிகள் 2003ஆம் ஆண்டில் வந்தபின்னரே அங்கே நம்பிக்கை மீண்டது. மதுசாரத்தின் விலை பெற்றோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இருந்தால் மதுசாரம், மேலே இருந்தாற் பெற்றோல் என்று அங்குள்ள ஓட்டுநர்கள் மனக்கணக்காகவே தெரிந்துகொள்கின்றனர்.

அந்த எழுபதுக்குக் காரணம் உண்டு. ஒரு லீற்றர் மதுசாரத்தில் இருக்கும் வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. 10 சதவீதம் கலந்தால் வண்டி ஓடும் தூரம் நூற்றுக்கு மூன்றளவு குறையும். நாள்தோறும் ஓடும் புதிய வண்டிக்கு இதைத் தவிர வேறு தீங்கு பெரிதாக இல்லை. மாதக்கணக்கிற் கட்டிக் கிடக்கும் படகின் கதை வேறு. மதுசாரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கலவையில் நீர் இருநூற்றிலொரு பங்களவைத் தாண்டினால், நீரும் மதுசாரமுமாகச் சேர்ந்து தொட்டியின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது வலிமை குன்றிய பெற்றோல். பழைய மோட்டார்களிலே இறப்பர்க் குழாய்கள் இளகும். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவியினுள்ளே மிதக்கும் தக்கைக்கு அந்நாளிற் பூசிய அரக்கு மதுசாரத்திலே கரைந்துவிடும். இதனாலேதான் மினசோற்றா மாநிலம் 1997 முதல் மதுசாரக் கலப்பைக் கட்டாயமாக்கியபோதும், படகு, பழம்பெரும் வண்டி, புல்வெட்டும் பொறி ஆகியவற்றுக்கெனக் கலவாத பெற்றோலையும் விற்க இடம் வைத்தது.

இந்தியாவிலே அத்தகைய இடம் வைக்கப்படவில்லை. அங்கே 2003இல் 5 சதவீதமாகத் தொடங்கிய கலப்பு, 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. அந்த அளவுக்கென ஆக்கிய வண்டிகள் 2023ஆம் ஆண்டிலிருந்தே சந்தைக்கு வந்தன. அதற்கு முந்திய கோடிக்கணக்கான வண்டிகளும் அதே குழாயின் கீழ்த்தான் நிற்கின்றன. புதிய வண்டிகளில் ஓடும் தூரம் நூற்றுக்கு ஒன்றிரண்டும், மற்றவற்றில் மூன்று முதல் ஆறு வரையும் குறையலாம் என்று அரசே 2025 ஓகஸ்டிற் சொன்னது. கலவாத பெற்றோலையும் விற்கவேண்டும் என்றும், குழாயிலிருந்து வருவது என்னவென்று ஒவ்வொரு நிலையத்திலும் எழுதிவைக்கவேண்டும் என்றும் கேட்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலே ஒரு மனு கொடுக்கப்பட்டது. கரும்பு விவசாயிகளின் நலனையும் இறக்குமதிச் செலவையும் அரசு எடுத்துக்காட்டியது. 2025 செப்டெம்பர் முதலாம் நாள் அம்மனு தள்ளுபடி செய்யப்பட்டது.